எம்டனும் அதன் தலைவரும்

தமிழ் வழங்கும் நாட்டில், சூழ்ச்சி மிக்கான் ஒருவனை, எளிதில் அகப்படாதான் ஒருவனை, கண்டார் அஞ்சத்தக்கான் ஒருவனைச் சுட்ட விரும்புவோர், அவன் பெரிய எம்டன் என்று கூறுதல் வழக்கம். இச்சொல்லை எந்த நிகண்டிலும் காண்டல் இயலாது. பண்டைப் புலவர் எவரும் இதனை ஆண்டாரல்லர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு, வங்கக் கடலினின்று சென்னைக் கரையில் வந்து ஏறிய சொல் இது. ஒரு போர்க்கப்பலின் பெயர் ஓர் இரவில் ஒரு பழைய மொழியினுட் புகுந்து, கப்பல் அழிந்து நூறாண்டுகள் கடந்த பின்னும் நிலைபெற்றிருத்தல் வியக்கத்தக்கதன்றோ!

ஆயினும், கப்பலின் பெயரை அறிந்த நாம் அதனைச் செலுத்திய மனிதரை அறிந்தோமில்லை. அச்சத்தின் வாயிலாகப் பெற்ற சொல்லாதலின், அதன் பின்னே நின்றவரும் கொடியவராகவே இருந்திருத்தல் வேண்டும் என எண்ணிவிடுகின்றோம். உண்மை அஃதன்று. அவரை எதிர்த்துப் போரிட்ட நாட்டினரே அவரை நன்மகன் என மதித்தனர். அதே வேளையில், அவருடைய குண்டுகளால் மாண்டோரும் உளர். அவரை மறத்தலும் முறையன்று. போர் என்னும் பெருந்தீமையின் நடுவே நின்ற ஒருவர், இரக்கத்தை எத்துணைத் தூரம் காத்தல் கூடும்? எவ்விடத்தில் அது கைநழுவும்? இவ்வினாக்களை உள்ளத்திற் கொண்டே, கார்ல் வான் முல்லர் என்னும் ஜெர்மன் கடற்படைத் தலைவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

முல்லர் 1873-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் உயர்ந்த பதவி வகித்தவர். மகனும் தந்தையின் வழியே தரைப்படை வீரனாவான் என்று எண்ணியே, ப்ளோன் என்னும் ஊரிலிருந்த படைப்பள்ளியில் அவரைச் சேர்த்தனர். ஆனால் அவர் உள்ளம் கடலையே நாடிற்று. 1891-இல் கடற்படையிற் சேர்ந்து, பயிற்சிக் கப்பல்களில் ஏறி அயல்நாடுகள் கண்டு, 1894-இல் அதிகாரியாக உயர்வு பெற்றார்.

இளம் அதிகாரியாக அவர் ஏறிய கப்பல்களில் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. ஆண்டு அவரைப் பற்றிய மலேரியாக் காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. 1900-இல் தாய்நாடு திரும்பிய அவர், பீரங்கிப் பணியினும், பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிக் என்பாரின் படைத்தலைமை அலுவலினும் அமர்ந்து தேர்ச்சி பெற்றார். 1908-இல் மீண்டும் பதவி உயர்வு பெற்று, பெர்லின் மாநகரிலுள்ள கடற்படை அலுவலகத்திற் பணிபுரியத் தொடங்கினார். ஜெர்மன் கடற்படையைப் பெருக்கிய டிர்பிட்ஸ் பெருமகனார் இவர்தம் திறத்தைக் கண்டு மதித்தார்.

முல்லர் மிகுதியாகப் பேசும் இயல்பினரல்லர். ஆரவாரமும் தற்புகழ்ச்சியும் அவர்பால் இல்லை. நாற்பது வயதை எட்டும்வரை அவர் பெயர் கடற்படைக்கு வெளியே எவர்க்கும் தெரியாது. விளம்பரமின்றித் தம் கடமையைச் செய்துவரும் பலருள் ஒருவராகவே அவர் இருந்தார். 1913-ஆம் ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்திலே அவர்க்கு எம்டன் கப்பலின் தலைமை கிடைத்தது. அன்றுமுதல் அவர் வாழ்வு வேறாயிற்று.

கப்பலும் கடலும்

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஒரு துறைமுக நகரின் பெயர். அப்பெயர் தாங்கிய கப்பல் டான்ஸிக் நகரிற் கட்டப்பெற்று 1908-இல் நீரில் இறக்கப்பட்டது. அது பெரிய கப்பலன்று. விரைந்து செல்லும் சிறு குரூஸர் வகையைச் சேர்ந்தது. பத்துப் பீரங்கிகளையுடையது, அவற்றின் வாய் அகலம் 10.5 சென்டிமீட்டர். அதன் அழகிய தோற்றத்தால் அதனைக் கீழ்த்திசை அன்னம் என்றும் அழைத்தனர். சீனக் கரையில் ஜெர்மானியர் குத்தகையாகக் கொண்டிருந்த சிங்டாவ் துறைமுகமே அதற்கு நிலையிடம். 1913-இல் சீனத்தில் உண்டான கலகத்தின்போது, யாங்ட்ஸி ஆற்றங்கரைக் கோட்டையிலிருந்து கிளர்ச்சியாளர் சுட, முல்லர் எதிர்த்துச் சுட்டு அவர்களை அடக்கினார்.

1914 ஜூலைத் திங்கள் இறுதியில் ஐரோப்பாவிற் போர்மேகம் சூழ்ந்தது. துறைமுகத்தில் அடைபட்டுவிடலாகாது என்றெண்ணிய முல்லர், 31-ஆம் நாள் மாலையே கடலினுட் சென்றுவிட்டார். ஆகஸ்டு 4-ஆம் நாள் ருஷ்யக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றினார். பின்னர், பசிபிக் கடலிலுள்ள பாகன் தீவில், ஜெர்மன் கீழ்த்திசைக் கப்பற்படையின் பெருந்தலைவர் வான் ஷ்பே என்பாரிடம் சென்று சேர்ந்தார்.

அத்தீவில் நிகழ்ந்த ஆலோசனையே முல்லரின் வாழ்வில் திருப்புமுனையாயிற்று. படை முழுவதும் தென்னமெரிக்காவை நோக்கிச் செல்லுதலே தக்கது என்பது ஷ்பேயின் கருத்து. அத்துணைக் கப்பல்கட்கும் வேண்டும் நிலக்கரி இந்துமாக்கடலிற் கிட்டாது. முல்லர் அக்கருத்தை மறுக்கவில்லை. ஆனால் விரைந்து செல்லும் கப்பல் ஒன்றைமட்டும் இந்துமாக்கடலுக்கு அனுப்பினால், அது பகைவரின் கப்பல்களிற் கிட்டும் கரியைக் கொண்டே உயிர்வாழ்தல் கூடும் என எடுத்துரைத்தார். ஷ்பே இசைந்தார். ஆகஸ்டு 14-ஆம் நாள், மார்க்கோமானியா என்னும் கரிக்கப்பல் ஒன்றைத் துணைகொண்டு எம்டன் தனியே பிரிந்தது.

தனிக்கப்பலுக்கு நேரும் இடர்களை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு இந்துமாக்கடலில் ஒரு துறைமுகமும் இல்லை, பழுதுபார்க்க இடமில்லை, குண்டுகள் தீர்ந்தால் மறுபடி பெற வழியில்லை. நிலக்கரியைத் திறந்த கடலிலோ, ஆளற்ற தீவுகளின் ஓரத்திலோ, வெப்பம் மிக்க பொழுதில் மூட்டைமூட்டையாக மாற்றி ஏற்றுதல் வேண்டும். தப்பிச் செல்லுதற்கு விரைவே துணை. விரைவோ கரியை விழுங்குவது. இவற்றையெல்லாம் அறிந்தே முல்லர் புறப்பட்டார். மூன்று புகைபோக்கிகளையுடைய தம் கப்பலுக்குக் கித்தானாலும் மரத்தாலும் நான்காவது புகைபோக்கி ஒன்று பொய்யாகச் செய்து நிறுத்தினார். தொலைவிலிருந்து காண்போர் அதனை ஆங்கிலக் கப்பல் என மயங்குவர். இரவும் பகலும் தளத்தைவிட்டு அகலாது, சாய்வு நாற்காலியிலேயே உறங்கி எழுந்தார்.

வங்கக் கடலில்

செப்டம்பர்த் திங்களின் முற்பகுதியில் எம்டன் வங்கக் கடலினுட் புகுந்தது. 10-ஆம் நாள் தொடங்கி, கல்கத்தாவிற்குச் செல்லும் வழியில் வணிகக் கப்பல்களை அது ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கலாயிற்று. இன்டஸ், லோவட், கில்லின், டிப்ளொமட், டிராபக், கிளான் மாதீஸன் என்பன சில நாட்களில் மூழ்கியவை. இன்டஸ் கப்பலிற் சவர்க்காரம் மிகுதியாக இருந்தது. கரித்தூசியில் மூழ்கிக் கிடந்த எம்டன் மாலுமிகட்கு அது பெரும்பேறாயிற்று. டிப்ளொமட் கப்பலோ தேயிலை நிறைந்தது. அது கடலடியிற் சென்றது.

முல்லர் கையாண்ட முறை ஈண்டுக் கருதத்தக்கது. எதிர்ப்படும் கப்பலை நிற்குமாறு அறிவிப்பார். நின்றபின் அதிகாரி ஒருவரைச் சில வீரருடன் அதற்கு அனுப்பிக் கப்பலின் பத்திரங்களை ஆராயச் செய்வார். கப்பல் போரிற் சேராத நாட்டினதாயின் விடுத்துவிடுவார். பகைவரதாயின், அதிலுள்ளோர் அனைவரும் தம் உடைமைகளை எடுத்துக்கொண்டு வெளியேறப் பொழுதளித்து, முன்னரே பிடித்துவைத்த மற்றொரு கப்பலில் அவரை ஏற்றுவார். அதன்பின்னரே அடித்தளத்துக் குழாய்களைத் திறந்து கடல்நீரை உட்புகுத்தியோ, வெடிவைத்தோ, சுட்டோ அக்கப்பலை மூழ்கடிப்பார். கப்பல் நிறைய மக்கள் சேர்ந்தவுடன் அவர்களை அக்கப்பலிலேயே துறைமுகத்திற்கு அனுப்பிவிடுவார்.

கபிங்கா என்னும் கப்பல் இவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று. அதிலிருந்த சரக்கு போரிற் சேராத அமெரிக்கருடையது. அதன் தலைவருடன் அவர் மனைவியும் குழந்தையும் இருந்தனர். பிற கப்பல்களின் மாலுமிகள் அனைவரையும் அதில் ஏற்றிக் கல்கத்தாவிற்கு முல்லர் அனுப்பினார். விடைபெறுங்கால், தம் கப்பல்களை இழந்த அவ்வாங்கில மாலுமிகள் எம்டனை நோக்கி வாழ்த்தொலி எழுப்பினர் என்பர். பகைவர் வாயினின்று வாழ்த்துப் பெறுதல் எளிதோ? அடித்தவன் கையை அடிபட்டவன் வாழ்த்துதல் உலகிற் காணுதற்கரிது.

இரக்கத்திற்கு விலையும் உண்டு. முல்லர் தடுத்து விடுவித்த இத்தாலியக் கப்பலொன்று, எம்டன் வங்கக் கடலில் உலவுவதை ஆங்கிலேயர்க்கு அறிவித்துவிட்டது. அதனை மூழ்கடித்திருந்தால் மறைவு காக்கப்பட்டிருக்கும். ஆயினும் நடுநிலை நாட்டின் கப்பலை அழித்தல் முறையன்று என்பதனால் அவர் அதனைச் செய்தாரல்லர். செய்தி பரவிற்று. வங்கக் கடலிற் கப்பற்போக்குவரத்துத் தடைப்பட்டது. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. ஆங்கில, ஜப்பானிய, ருஷ்ய, பிரெஞ்சுக் கப்பல்கள் பல ஒரே கப்பலைத் தேடித் திரிந்தன. ஒரு சிறு கப்பல் ஒரு பெருங்கடலை வெறுமையாக்கிவிட்டது.

சென்னையில் ஓர் இரவு

செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. கரையிலோ அச்சமில்லை, துறைமுக விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. திடீரென்று கப்பலின் ஒளிவிளக்கு கரையைத் துழாவிற்று. பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டது. அடுத்த நொடியிற் பீரங்கிகள் முழங்கின. ஏறத்தாழ 125 குண்டுகள் எறியப்பட்டன. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி, வானளாவ எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் மறுமொழி கூறின. ஆயினும் எம்டனுக்கு ஊறு நேரவில்லை. விளக்குகளை அணைத்துக்கொண்டு அது இருளில் மறைந்தது.

முல்லர் குறித்தவை எண்ணெய்த் தொட்டிகளும் துறைமுகமுமே; குடிமக்களின் இல்லங்களல்ல. ஆங்கிலேயரின் வாணிகத்திற்கும் பெருமைக்கும் ஊறு செய்தலே அவர் நோக்கம். ஆனால் பீரங்கியின் வாயினின்று நீங்கிய குண்டு, எறிந்தவனின் நோக்கத்தைக் கேட்டு விழுவதன்று. சில குண்டுகள் நகரினுள்ளும் வீழ்ந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் தாக்குண்டது. சிலர் உயிர் இழந்தனர், பலர் காயமுற்றனர். உயர்நீதிமன்றத்தின் மதிலருகே வீழ்ந்த குண்டின் நினைவாக ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டது.

அவ்விரவிற்குப்பின் சென்னையில் எழுந்த கலக்கம் பெரிது. மீண்டும் கப்பல் வருமென்று அஞ்சி, மக்கள் திரள்திரளாகப் புகைவண்டி நிலையங்கட்கு விரைந்து உள்நாட்டூர்களை நோக்கிச் சென்றனர். அக்கலக்கமே எம்டன் என்னும் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கிற்று. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்றொரு கதையும் நம் நாட்டில் வழங்கிவருகின்றது. அதற்குச் சான்றில்லை, அந்நாட்களில் அவர் ஐரோப்பாவிலேயே இருந்து இந்திய விடுதலைக்கு உழைத்துவந்தார். பெரும் வியப்பு நிகழ்ந்தவிடத்து நம்மவருள் ஒருவரும் இருந்திருத்தல் வேண்டும் என்று மக்கள் உள்ளம் விழைதல் இயல்பே. அவ்விழைவினின்று பிறந்த கதை இதுவெனல் பொருந்தும்.

சென்னையை நீங்கிய எம்டன் இலங்கையைச் சூழ்ந்துசென்று மேலைக்கடலில் மேலும் சில கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 9-ஆம் நாள் டீகோ கார்ஷியா என்னும் தனித்த தீவை அடைந்தது. அங்கு வாழ்ந்தோர்க்குப் போர் மூண்ட செய்தியே எட்டவில்லை. ஜெர்மானியரை விருந்தினராக ஏற்று உணவுப்பொருள் உதவினர். மாலுமிகளோ, பழுதுற்றுக் கிடந்த அவ்வூர்ப் படகின் பொறியைச் சீர்செய்து கொடுத்தனர். உலகம் முழுவதும் தீப்பற்றி எரிந்தபோது, அத்தீவில்மட்டும் ஒருநாள் பகை என்பது இல்லாதிருந்தது.

பினாங்குத் துறைமுகம்

முல்லரின் வரலாற்றில் மிக்க புகழும் மிக்க துயரும் ஒருங்கே கலந்த நாள் 1914 அக்டோபர் 28. அன்று விடியற்காலத்தில், பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, எம்டன் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தது. ஆண்டு ஜெம்சுக் என்னும் ருஷ்யக் குரூஸர் நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவர் கரையில் இருந்தார். காவலும் செவ்வையாக இல்லை. மாலுமிகளிற் பலர் உறங்கிக்கொண்டிருந்தனர். முல்லர் போர்முறைப்படி முதலில் ஜெர்மன் கொடியை உயர்த்தினார். உயர்த்தியவுடனே டார்பீடோவை ஏவினார், பீரங்கிகளும் முழங்கின. இரண்டாவது டார்பீடோவால் அக்கப்பல் பிளந்து சில நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 90 ருஷ்யர் மாண்டனர்; அதனினும் மிக்கோர் காயமுற்றனர்.

வணிக மாலுமிகளின் உயிரைக் காத்தவர் இவரே. உறங்கிய வீரரைக் கொன்றவரும் இவரே. இவ்விரண்டையும் எவ்வாறு ஒன்றாகக் காண்பது? போர்க்கப்பலைப் போர்க்கப்பல் தாக்குதல் போரின் நெறிக்கு மாறன்று என்பர். அது மெய்யே. ஆனால் நெறிக்கு மாறன்று என்ற அளவில் உள்ளம் அமைதியடையுமா? முல்லரின் உள்ளம் அமைதியடையவில்லை என்பதை அன்று நிகழ்ந்த ஒரு செயல் காட்டுகின்றது. துறைமுகத்தின் வெளியே அவர் தடுத்த ஆங்கில வணிகக் கப்பலொன்றின் தலைவரிடம், இரண்டு செய்திகளைக் கரைக்குத் தெரிவிக்குமாறு வேண்டிக்கொண்டார். பீரங்கியில்லாத சிறு படகொன்றின்மீது தவறாகச் சுட்டதற்கு வருந்துதல் ஒன்று. மூழ்கிய ருஷ்யக் கப்பலினின்று நீரில் வீழ்ந்தோரை எடுத்துக் காக்க இயலாமற் போனதற்கு வருந்துதல் மற்றொன்று. வென்றவர் தோற்றவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தி அது.

அச்செய்தி வெறுஞ்சொல்லன்று என்பதும் உடனே விளங்கிற்று. மூஸ்கே என்னும் சிறிய பிரெஞ்சுக் கப்பல் தன்னந்தனியே எம்டனை எதிர்த்து வந்து, வீரத்துடன் போரிட்டு மூழ்கியது. மற்றொரு பகைக்கப்பல் நெருங்கி வருதலைக் கண்டும், முல்லர் படகுகளை இறக்கி 36 பிரெஞ்சு வீரரை நீரினின்று மீட்டார். அவர்களுட் காயத்தால் இறந்தோரைப் படைமரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தார். இரண்டு நாட்களின்பின் நியூபர்ன் என்னும் ஆங்கிலக் கப்பலைப் பிடித்து, அதனை அழியாது, மற்றையோரை அதில் ஏற்றி, மருத்துவம் பெறும்பொருட்டு டச்சுக்காரரின் சபாங் துறைமுகத்திற்கு அனுப்பினார்.

கோகோஸ் தீவு

நவம்பர் 9-ஆம் நாள் காலை, கோகோஸ் தீவுக் கூட்டத்திலுள்ள டைரக்ஷன் தீவில், கடலடித் தந்திக்கம்பிகளை அறுத்துக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்கும்பொருட்டு, வான் மூக்கே என்னும் அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 50 வீரரை முல்லர் இறக்கினார். நிலையத்தார் எதிர்க்கவில்லை. தந்திக்கம்பத்தைத் தகர்க்குங்கால் அது தம் டென்னிஸ் ஆடுகளத்தின்மீது விழாதவாறு காக்க வேண்டினராம். ஜெர்மானியரும் அவ்வாறே செய்தனராம். ஆனால் கம்பம் வீழுமுன் நிலையத்தார் தம் கடமையைச் செய்துவிட்டனர். அறியாக் கப்பலொன்று வந்துளது என்னும் செய்தி வானிற் பரவிவிட்டது.

அவ்வேளையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரரை ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிச் சென்ற கப்பற்கூட்டமொன்று அண்மையில் இருந்தது. அதற்குக் காவலாகச் சென்ற ஸிட்னி என்னும் ஆஸ்திரேலியக் குரூஸர், கிளாஸப் என்பாரின் தலைமையில் விரைந்து வந்தது. கரையிலிருந்த வீரரை விட்டுவிட்டு எம்டன் போருக்கெழுந்தது. முதற்குண்டுகள் எம்டனுடையனவே, அவை குறிதப்பவுமில்லை. ஆனால் ஸிட்னி பெரியது, விரைவு மிக்கது, அதன் பீரங்கிகள் 6 அங்குல வாயுடையன. எம்டனின் குண்டு எட்டாத் தொலைவினின்று சுடும் வன்மை அதற்கிருந்தது. சில நாழிகையில் எம்டனின் புகைபோக்கிகள் வீழ்ந்தன, பீரங்கிகள் ஓய்ந்தன. கப்பல் மூழ்கினால் எஞ்சியோரும் மடிவர் என்று கண்ட முல்லர், அதனை வடகீலிங் தீவின் பவளப்பாறைமீது செலுத்தி ஏற்றினார்.

ஸிட்னி கரிக்கப்பல் ஒன்றைத் துரத்திச் சென்று மாலையில் மீண்டது. எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. பணிவீரோ என்று கிளாஸப் கேட்ட அடையாளக் குறிகளை அறிய எம்டனில் நூல்கள் இல்லை. அவற்றை முன்னரே அழித்துவிட்டனர். மறுமொழி பெறாத கிளாஸப் மீண்டும் சுட்டார். மேலும் சிலர் மாண்டனர். அதன்பின் கொடி இறக்கப்பட்டது. எம்டனில் மாண்டோர் 130-க்கு மேற்பட்டோர். ஸிட்னியில் மாண்டோர் நால்வர். காயமுற்றோர் நீர்வேட்கையால் மறுநாள்வரை துடித்தனர். இரண்டு திங்களுக்கு மேலாகப் பிறர் உயிரைக் காத்துவந்த தலைவர், தம் மக்களின் உயிரைக் காத்தற்கு வழியின்றி அவர்நடுவே நின்றார்.

கரையில் விடப்பட்ட மூக்கேயும் வீரரும் ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலைக் கைக்கொண்டு தப்பி, அரேபியா வழியாகப் பல இடர்களைக் கடந்து, 1915-இல் கான்ஸ்டாண்டினோபிளை அடைந்தனர். அது தனி வரலாறு.

ஸிட்னி கப்பல் எம்டனின் காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஆண்டு வீரர் நிறைந்த கப்பல்கள் வரிசையாக நின்றன. வென்று வருபவரை ஆரவாரித்து வரவேற்றல் உலக வழக்கு. ஆனால் காயமுற்றோர் உள்ளே இருத்தலின் ஆரவாரம் வேண்டா என்று கிளாஸப் முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். ஆயிரக்கணக்கான வீரர் தளங்களின்மீது வாய்பேசாது நிற்க, வென்ற கப்பல் அவர் நடுவே அமைதியாகச் சென்றது. முல்லர் வங்கக் கடலில் விதைத்த இரக்கத்தின் விளைவைக் கொழும்பில் அவர் மக்கள் பெற்றனர் எனல் மிகையாகுமோ?

சிறையும் இறுதி நாட்களும்

முல்லர் மால்ட்டாத் தீவிற் சிறைவைக்கப்பட்டார். 1916-இல் தம் வீரரினின்று பிரிக்கப்பட்டு இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஸட்டன் பானிங்டன் என்னும் ஊரில் வேளாண்மைக் கல்லூரிக் கட்டடமொன்று ஜெர்மன் அதிகாரிகளின் சிறைக்கூடமாக இருந்தது. 1917 செப்டம்பரில் அவரும் 20-க்கு மேற்பட்ட அதிகாரிகளும் நிலத்தினடியிற் சுரங்கம் தோண்டி வெளியேறினர். அவர் விரைவிற் பிடிபட்டார். ஆப்பிரிக்காவில் இளமையிற் பற்றிய காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருத்தவே, 1918-இல் இரக்கங்கருதி அவரை நடுநிலை நாடாகிய ஹாலந்துக்கு அனுப்பினர். அவ்வாண்டின் இறுதிப்பகுதியில் தாய்நாடு சேர்ந்தார்.

ஜெர்மனி அவரை மறந்திலது. உயர்ந்த போர்விருதும் பதவி உயர்வும் அவர்க்கு வழங்கப்பட்டன. எம்டன் என்னும் பெயரிற் புதிய கப்பல் கட்டி, பழைய கப்பலுக்கு வழங்கப்பெற்ற இரும்புச் சிலுவையை அதன் முகப்பிற் பொறித்தனர். போரிற் பிழைத்தோர் தம் குடும்பப் பெயருடன் எம்டன் என்பதனை இணைத்துக்கொள்ளவும் பிற்காலத்தில் அரசு இசைவளித்தது. தமிழ்நாட்டில் அச்சத்தின் பெயராக நின்ற சொல், ஆண்டுக் குலப்பெயராயிற்று.

1919-இல் உடல்நலங்குன்றி ஓய்வுபெற்ற முல்லர், ஹார்ட்ஸ் மலைப்புறத்துள்ள பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரிற் குடியேறினார். காலந்தாழ்த்து மணம் செய்துகொண்டார். பெண்மக்கள் இருவரைப் பெற்றார். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அந்நாட்களில் எம்டனைப்பற்றிய நூல்கள் பெருவாரியாக விற்பனையாயின. மூக்கே எழுதிய நூல்களைப் பலர் விரும்பிப் படித்தனர். தலைவரே எழுதினால் அதனினும் பன்மடங்கு விலைபோகும் என்று பதிப்பாளர் வேண்டினர். முல்லர் மறுத்துவிட்டார். தம் தோழரின் குருதியைப் பொருளாக மாற்றுவதாகும் என்னும் எண்ணம் அவரைத் தடுத்தது. 1923-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், ஐம்பதாவது வயது நிறைவதற்கு முன்னரே, அவர் உயிர் நீத்தார்.

முடிவுரை

மூன்று திங்களில் இருபதிற்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தவர் முல்லர். அவர் பிடித்து மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளுள் ஒருவரேனும் அவர் கையால் உயிரிழக்கவில்லை என்பது அவர் புகழின் அடிப்படை. ஆனால் சென்னைக் கரையில் மாண்டோரும், பினாங்கில் உறக்கத்தினின்று எழாதோரும், கோகோஸ் பாறைமீது மடிந்த அவர் தோழரும் அக்கணக்கிற் சேராதவர்கள். இரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்துக் காண்பதே நேர்மை.

பகைவரிடத்தும் அன்பு செலுத்துக என்னும் கட்டளையைக் கேட்டு வளர்ந்த நாம், அதனைப் போர்க்களத்திற் கைக்கொள்ளல் இயலுமா என்று ஐயுறுகின்றோம். முல்லரின் வரலாறு அவ்வையத்தை முற்றும் நீக்கவில்லை. இரக்கமுடையவர் நடத்தினும் போர் போரே. நல்லவர் எறியினும் குண்டு குண்டே என்பதை அது நமக்குக் காட்டுகின்றது. எனினும் மற்றொன்றையும் காட்டுகின்றது. கொல்லும் தொழிலில் நிறுத்தப்பட்ட ஒருவரும், கொல்லவேண்டாத இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணி, தமக்கு இழப்பு நேரினும் உயிரைக் காத்தல் கூடும். காக்க இயலாதபோது அதற்கு வருந்துதலும் கூடும். அவ்வருத்தத்தை வெற்றியின் நடுவே வெளிப்படையாகக் கூறுதலும் கூடும். போரில்லாத நாளில் வாழும் நமக்கு இவற்றைச் செய்தல் எத்துணை எளிது! செய்கின்றோமா என்பதே வினா.

இனி எம்டன் என்னும் சொல்லை நாம் வழங்குங்கால், அதனுள் ஒரு கப்பலின் அச்சத்துடன், பேசாத தலைவர் ஒருவரின் இரக்கமும், பெயர் தெரியாது மாண்ட மக்களின் துயரும் அடங்கிக் கிடத்தலை நினைவோமாக.